முனியாண்டி முன்னால் இரண்டு பொட்டலங்கள்

ஒவ்வொரு வருடமும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்து, அதற்குமேல் படிக்க ஆறாம் படிவத்துக்குப் பிள்ளைகள் வந்து சேரும் வாரத்தில் எனக்கு உடம்பு ஒரு மாதிரி இருக்கும். காய்ச்சல் என்று சொல்ல முடியாது. உள்ளங்கை சில்லிட்டுப் போகும், அவ்வளவுதான். பள்ளி மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, எந்தப் பாடம் என்று பிள்ளைகள் நிரப்பும் பாரங்களைக் கொடுத்து வாங்குவது என் பொறுப்பு. பாரத்தில் மேலே ஒரு கட்டம்: வணிகவியல், பொருளியல், கணக்கியல். அதற்குக் கீழே இன்னொரு கட்டம்: வரலாறு, தமிழ், மலாய். ஏதாவது ஒன்றில் பேனாவால் ஒரு டிக் போட்டால் முடிந்தது. பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரோடு சிரித்துப் பேசிக்கொண்டே போடுகிறார்கள்.

யாராவது மேல் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, அதை அடித்துக் கீழ்க் கட்டத்தில் போட்டால் மட்டும் நான் பாரத்தை வாங்க மாட்டேன். "போயி கேன்டீன்ல ஒரு தே ஓ ஐஸ் குடிச்சிட்டு வா, அப்புறம் தா" என்று துரத்திவிடுவேன். கூட வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. சிரிக்கட்டும். என்னை அன்றைக்கு யாரும் அப்படித் துரத்தவில்லை.

அப்போது எனக்குப் பதினேழு வயது. ரந்தாவிலிருந்து உள்ளே போகும் மண் சாலையில், செம்பனைக்கு நடுவே இருந்தது எங்கள் தோட்டம். தோட்டம் என்று பேருக்குத்தான். குலை வெட்டும் வேலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். நம் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாகச் செண்டாயான் பக்கம் வீடு வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நம்மவர் வீடு என்று மிச்சம் இருந்தது ஏழு. அப்பா டிராக்டர் ஓட்டினார். அம்மா அப்போதுதான் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாள். விடிந்ததும் தோட்டத்து கேட்டுக்கு வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும்.

அம்மாவுக்கும் எனக்கும் ஒரு கிறுக்கு இருந்தது. கறிபாப், மாவை மடித்துப் பொரிக்கும் பலகாரம். உருளைக்கிழங்கு மசாலாவில் நெத்திலியை வறுத்து நொறுக்கிப் போடுவாள் அம்மா. அது அவளாகக் கண்டுபிடித்தது. மாவின் ஓரத்தைக் கிள்ளி மடிக்கும் வேலை எனக்கு. பேச்சு ஒரு பக்கம் ஓட, விரல் பாட்டுக்கு மடித்துக்கொண்டே போகும். இடைவேளையில் விற்கப் புத்தகப்பையில் ஒளித்துப் பள்ளிக்குக் கொண்டுபோவேன். ஒருநாள் மாட்டிக்கொண்டேன். ஒழுங்கு ஆசிரியர் கத்து கத்தென்று கத்திவிட்டு, ஆதாரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தார். கடித்ததும் குரல் இறங்கிவிட்டது. "சியாப்பா புவாட்?" என்றார். யார் செய்தது என்று கேட்கிறார். "நானும் எங்கம்மாவும்" என்று மலாயில் சொன்னபோது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, எஸ்.பி.எம். முடிவு வந்த அன்றுகூட அப்படி வரவில்லை.

அதை உறையவைத்து, டப்பாவில் அடைத்து, நீலாயில் இருக்கும் கடைகளுக்கெல்லாம் போடவேண்டும். இதுதான் எங்கள் திட்டம். நீலாயில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள், ஒருவருக்கும் சமைக்கத் தெரியாது, எண்ணெயில் போட்டு எடுக்கவாவது தெரியும் அல்லவா? வேன் வாங்கினால் என்ன நிறம் என்பதுவரை முடிவாகிவிட்டது. மஞ்சள். அம்மா பச்சை வேண்டும் என்றாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, வராத வேனுக்கு.

ஆகவே ஆறாம் படிவத்தில் நான் எடுக்கவேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேல் கட்டத்து மூன்று பாடம், பிறகு பல்கலைக்கழகத்தில் வணிகம், பிறகு மஞ்சள் வேன். பிரச்சினை அத்தை ரூபத்தில் வந்தது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. சிரம்பானில் இருந்தாள். அவள் மகள் ஆசிரியை. அந்த ஒரு காரணத்தால் எங்கள் குடும்பத்தில் படிப்பு பற்றிய எல்லாத் தீர்ப்பும் அத்தையிடமிருந்துதான் வரும். முடிவு வந்த வாரமே பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டாள்.

"யாவாரத்துக்குப் படிச்சு என்ன புள்ள செய்யப்போற? கடையில நின்னு பொட்டலம் கட்டவா?"

"கம்பெனி வெப்பேன் அத்தே."

"கம்பெனி! டேய் தம்பி, ஒன் மவ கம்பெனி வெக்கப்போறாளாம். நீதான் லா டைரக்டரு!" என்று அப்பாவைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "தமிழும் வரலாறும் எடு. டீச்சராயிரு. ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம், லீவு வேற, கடைசியில பென்சன். எவ குடுப்பா இதெல்லாம்?"

அப்பா சிரிக்கவில்லை. அவர் ஒரு காலத்தில் தோட்டத்து முகப்பில் சாப்பாட்டுக்கடை போட்டு, ஆட்கள் போகப்போக ஈயோட்டி, இழுத்து மூடியவர். கடையில் போட்டிருந்த நாற்காலிகள் வீட்டுக்குப் பின்னால் மழையில் கிடந்தன. "யாவாரம் நமக்கு ராசியில்லம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அப்படி மெதுவாகச் சொன்னவரிடம் என்ன பேச?

அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது. "முனியாண்டிகிட்ட பூக்கட்டிக் கேட்டுருவோம். அவரு என்ன சொல்றாரோ அதுதான். யாரும் மறுபேச்சு பேசக்கூடாது."

அத்தை உடனே ஒத்துக்கொண்டாள். முனியாண்டி தன் கட்சி என்ற எண்ணம் அவளுக்கு. பூக்கட்டிக் கேட்பது எங்கள் ஆட்களிடம் சாதாரணம். பெண் பார்க்க, நிலம் வாங்க, வேலை மாற, எதற்கும் கேட்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வாழையிலைத் துண்டில் மடித்து நூல் கட்டிச் சாமி காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வது. எடுத்ததில் எந்தப் பூவோ அதுதான் சாமியின் வாக்கு. மற்றதைப் பிரிக்காமல் ஓடும் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். சிவப்பு வந்தால் வணிகம், வெள்ளை வந்தால் டீச்சர் என்று அத்தைதான் பிரித்துச் சொன்னாள்.

யாருக்காகக் கேட்கிறார்களோ அவர்தான் பொட்டலம் கட்டவேண்டும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். சாமி காரியத்தில் எவளாவது கள்ளத்தனம் செய்வாளா என்ற நம்பிக்கை. நான் செய்தேன். வெள்ளிக்கிழமை காலை, முன்பக்கத்துச் செடியில் செவ்வரளி இரண்டு பறித்தேன். பின்பக்கம் போய், அத்தை பார்க்கும்படி நந்தியாவட்டை ஒன்று பறித்து, வரும் வழியில் சாக்கடையில் போட்டேன். இரண்டு இலையிலும் சிவப்பையே வைத்து மடித்து, நூல் சுற்றி, தட்டில் வைத்தேன். கை நடுங்கவே இல்லை. கறிபாப் மடிக்கிற மாதிரிதான் மடித்தேன். எனக்கு என்மேல் இன்றைக்கும் ஆச்சரியம் அதுதான்.

முனியாண்டி கோயில் என்பது தோட்டத்து ஓரத்தில் ஆலமரத்தடியில் ஒரு தகரக்கூரை. மீசையும் அரிவாளுமாக அவர் உட்கார்ந்திருப்பார். வாயில் சுருட்டு வைத்துப் படைப்பது வழக்கம், அதனால் அந்த இடத்தில் எப்போதும் சுருட்டு வாசம் இருக்கும். சின்ன வயதில் அந்தப் பக்கம் போனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். அன்று அப்பா, அம்மா, அத்தை, பூசாரி, நான். ஐந்து பேர். தட்டை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

பொட்டலத்தை எடுப்பது வழக்கமாகச் சின்னக் குழந்தை. கள்ளம் தெரியாத கை. ஆனால் தோட்டத்தில் அப்படியொரு குழந்தையே மிச்சமில்லை. எல்லாம் செண்டாயானில் படித்துக்கொண்டிருந்தன. பூசாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யாராச்சும் ஒருத்தர் கண்ண மூடி எடுங்க" என்றார். "நான் எடுக்கறேன்" என்று அத்தை முன்னால் போனாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எதை எடுத்தாலும் சிவப்புதானே!

அத்தை கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். கை முதலில் இடது பக்கத்துப் பொட்டலத்தின்மேல் போனது. தொட்டதுபோலக்கூட இருந்தது. பிறகு என்ன தோன்றியதோ, வலது பக்கம் நகர்ந்து அதை எடுத்தது. பக்கத்தில் அம்மா மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பூசாரி நூலைப் பிரித்தார். செவ்வரளி.

"செவப்பு!" என்றாள் அம்மா. அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அப்பாகூட ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "சரி, அவரே சொல்லிட்டாரு" என்றார். அத்தைதான் விடவில்லை. தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டோமே என்ற ஆத்திரம். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அந்தப் பொட்டலத்தயும் பிரி."

"பிரிக்கக்கூடாதுக்கா" என்றார் பூசாரி.

"பிரிக்கணும். கட்டுனது யாரு? இவதானே?"

பிரித்தால் சிவப்பு. முனியாண்டி முன்னால், அப்பா முன்னால், நான் சாமியையே ஏமாற்றியவள். ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, எங்கே ஓடுவது, செம்பனைக்குள்ளா? பூசாரி முணுமுணுத்துக்கொண்டே இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து நூலை அறுத்து விரித்தார்.

உள்ளே நந்தியாவட்டை இருந்தது. வெள்ளை வெளேரென்று, வாடாமல்.

அத்தை வாயை மூடிக்கொண்டாள். அம்மா என் தோளில் கைவைத்தாள். நான் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இலையில் நான் வைத்தது செவ்வரளி. என் கையால் வைத்தேன், என் கண்ணால் பார்த்தேன். தட்டு என்னைவிட்டு அகலவே இல்லை. யார் மாற்றியது? நிமிர்ந்து பார்த்தால் முனியாண்டி. அவர் எப்போதும் முறைத்துக்கொண்டு இருப்பவர்தான், ஆனால் அன்று என்னை மட்டும் முறைத்தார்.

நான் கண்டுகொண்டது இதுதான். சாமி என் கள்ளத்தனத்தைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, தன் பதிலைப் பொட்டலத்துக்குள் வைத்துவிட்டார். வெள்ளை. அத்தையின் கை முதலில் அங்கேதான் போனது. கை நகர்ந்ததால் என்னுடைய திருட்டுச் சிவப்பு எனக்குக் கிடைத்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. யாரிடம் சொல்வது? சொன்னால் முதலில் செய்ததையும் சொல்லவேண்டும்.

அடுத்த மூன்று வாரமும் அம்மா பறந்துகொண்டிருந்தாள். தொழிற்சாலையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கணக்கியலுக்கு என்று ஒரு பெரிய கால்குலேட்டர் வாங்கி வந்தாள், பிளாஸ்டிக் உறையோடு. அதைப் பிரிக்கக்கூட எனக்குத் துணிவில்லை. எதைப் பிரித்தாலும் உள்ளே வேறு ஏதாவது இருக்குமோ என்ற பயம். சோற்றுப் பொட்டலத்தைக்கூட அம்மா பிரித்துத் தந்தால்தான் சாப்பிட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். தெரியும். தெரிந்தால் மட்டும் பயம் போய்விடுமா?

பாடம் தேர்வு செய்யும் நாள் வந்தது. பெரிய மண்டபம், வரிசையாக மேசை, மேலே மின்விசிறி. நான் பாரத்தை வாங்கி, பெயர் எழுதி, மேல் கட்டத்தில் டிக் போட்டேன். போட்டுவிட்டேன். அந்த மை காய்வதற்குள் எனக்குச் சுருட்டு வாசம் வந்தது. தோட்டத்து வாசம், ஆலமரத்தடி வாசம், அப்படியே. திரும்பிப் பார்த்தேன். பின்னால் பெண்பிள்ளைகள் மட்டும். பள்ளி வாசலில் காவலுக்கு இருந்தவர் ஏதாவது புகைத்திருக்கலாம். ஆசிரியர் யாருடைய சட்டையிலாவது ஒட்டியிருக்கலாம். இப்போது எனக்கு எத்தனையோ காரணம் தோன்றுகிறது. அப்போது ஒன்றுதான் தோன்றியது. டிக்கின்மேல் கோடு அடித்தேன். கீழ்க் கட்டத்தில் போட்டேன்.

மேசையில் இருந்த ஆசிரியை பாரத்தைப் பார்த்துவிட்டு, "பாஸ்தி?" என்றார். உறுதியா என்று கேட்கிறார். "பாஸ்தி, சிக்கு" என்றேன், டீச்சரை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் முத்திரை குத்தினார். வாசம் நின்றுவிட்டது. இது என் கற்பனை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது, ஆனால் வாசம் நின்றுவிட்டது.

வீட்டில் என்ன சொல்வது? பஸ்ஸில் வரும்போதே பொய்யைத் தயார் செய்துவிட்டேன். அம்மா வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், எனக்காக. தலையில் வழக்கம்போல, கேட்டுப்பக்கத்துச் செடியிலிருந்து பறித்த ஏதோ பூ. சம்பங்கியா, நினைவில்லை.

"எடம் இல்லம்மா. வணிகவியல் வகுப்பு ரொம்பிருச்சாம்."

"எடம் இல்லையா? அதெப்படி?"

"இல்லன்னுட்டாங்க. வரலாறு, தமிழ்ல போட்டுட்டாங்க."

அம்மா பள்ளிக்கு வந்து கேட்பாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தலையில் பூ இல்லை. அதன்பிறகு அவள் பூ வைத்து நான் பார்க்கவில்லை. ஒருமுறை கேட்டதற்கு, "பேக்டரில தொப்பி மாட்டணும் லா, பூவெல்லாம் ஆவாது" என்றாள். ஞாயிற்றுக்கிழமையும் தொப்பி மாட்டுவாளா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆறாம் படிவத்தில் எங்கள் வகுப்புக்கு எதிர்த்தாற்போல் வணிகவியல் வகுப்பு. வராந்தாதான் நடுவில். வரலாற்றுப் பாடம் நடக்கும்போது அங்கிருந்து குரல் கேட்கும், சந்தை, தேவை, இலாபம் என்று. என் நாற்காலி ஒன்று அங்கே காலியாகக் கிடப்பதுபோல இருக்கும். ஒருநாள் இடைவேளையில் போய் எண்ணிக்கூடப் பார்த்தேன். உண்மையாகவே இரண்டு நாற்காலி காலி. வகுப்பு நிரம்பவே இல்லை.

பள்ளியில் தொழில்முனைவோர் நாள் வந்தது. வணிகவியல் பிள்ளைகள் கடை போட்டார்கள். என்ன விற்றார்கள்? கறிபாப். எங்கிருந்தோ வாங்கி வந்து, தடித் தோல், உள்ளே காற்று. ஒன்று வாங்கித் தின்றேன். கேவலமாக இருந்தது. இன்னொன்று வாங்கித் தின்றேன். கழிப்பறையில் போய் நின்று அழுதேன். வேறு எதற்காக அழுதிருந்தாலும் வெளியே சொல்லிக்கொள்ளலாம்.

பிறகென்ன, டீச்சரானேன். நல்ல டீச்சர் என்றுதான் சொல்கிறார்கள். அத்தை சாகும்வரை என் பெயரைச் சொல்லித்தான் மற்ற பிள்ளைகளைத் திட்டினாள். தோட்டத்தை விட்டு நாங்களும் செண்டாயானில் வரிசை வீடு ஒன்றுக்கு வந்துவிட்டோம். ரந்தாவுக்குப் போகவேண்டி வந்தால் தோட்டத்து வழியில் போகமாட்டேன், சுற்றிக்கொண்டுதான் போவேன். கோயிலில் பிரசாதத்தோடு வெள்ளைப் பூ தந்தால் பூவைத் தட்டிலேயே வைத்துவிடுவேன். அதைவிட மோசம், நீலாய் சாலையில் மஞ்சள் வேன் எதைக் கண்டாலும் வேகத்தைக் குறைத்து, ஓட்டுபவர் முகத்தைப் பார்த்துவிடுவேன். அங்கே நான் உட்கார்ந்திருப்பேனோ என்று. அந்த இன்னொருத்தி பதினாலு வருடமாக என் கூடவே வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறாள். கால்குலேட்டர் இன்னும் உறைக்குள்ளேயே இருக்கிறது.

போன மாதம் அம்மா சொன்னாள், தோட்டத்து நிலத்தில் வீடு கட்டப்போகிறார்களாம், முனியாண்டியை எடுத்துச் சாலையோரம் வைக்கிறார்களாம், ஞாயிறு காலையில் பழைய இடத்தில் கடைசிப் பூசை, காரில் கூட்டிக்கொண்டு போ என்று. அப்பாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. எனக்கு முழங்கால் வலி வராதா என்று பார்த்தேன். வரவில்லை. போனேன்.

செம்பனை பாதி இல்லை. ஆலமரம் இருந்தது, அதன் பக்கத்தில் மண் தோண்டும் இயந்திரம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பழைய ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பூசை முடிந்து எல்லாரும் கூடாரத்தில் சாப்பிடப் போய்விட்டார்கள். அம்மா மரத்தடியிலேயே நின்றாள், பிரசாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. நானும் நின்றேன். சுருட்டு வாசம் வந்தது. இந்த முறை சுருட்டு கண்ணெதிரில் எரிந்துகொண்டிருந்தது. நாளைக்கு இந்த இடமே இருக்காது, இனி எங்கே சொல்வது என்று நினைத்தேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கத்தாத."

"சொல்லு."

"அன்னிக்குப் பூக்கட்டிக் கேட்டோம்ல. நான் ரெண்டுலயும் செவப்புதான் வெச்சேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"நீ குளிக்கப் போனல்ல. ரெண்டுலயும் ஒரு சிட்டிக துன்னூறு போட்டு வெப்போமேன்னு பிரிச்சேன். ஒண்ணுல செவப்பு. சரின்னு அடுத்தத பிரிச்சா அதுலயும் செவப்பு. அடிப்பாவின்னு நெனச்சேன்."

குளிக்கப் போனேனா? தட்டு என்னைவிட்டு அகலவே இல்லை என்று பதினாலு வருடம் என்னிடம் நானே சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன். போயிருக்கிறேன். தலைக்கு ஊற்றாமல் யார் கோயிலுக்குப் போவார்கள்?

"அப்புறம்?" என்றேன்.

"ஒண்ண எடுத்துட்டு நந்தியாவட்டைய வெச்சுக் கட்டுனேன். சாமிகிட்ட பொய்ப் பொட்டலத்த வெச்சு வாங்குனா, நாளைக்கு யாவாரத்துல ஒரு சறுக்கு சறுக்குனாலும் ஒன் மனசே ஒன்னக் கொன்னுரும். நேரா கேட்டு வாங்குவோம்னு மாத்துனேன். மாத்திட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நின்னேன். ஒங்கத்த கை மொதல்ல வெள்ளைக்குத்தான் போச்சு. என் கட்டு எனக்குத் தெரியாதா? அப்பறம் நவுந்து செவப்ப எடுத்தா. எடுத்துக் குடுத்தாரு, ஒங்கத்த கையாலயே எடுத்துக் குடுத்தாரு!"

சொல்லும்போது அவள் முகம் அன்றைக்கு இருந்ததுபோல ஆகிவிட்டது. நான் மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சிவப்பு நான் திருடியதில்லை. கொடுத்தது. எனக்கென்று கொடுத்ததைத்தான் நான் பேனாவால் அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"என்னத்த சொல்ல? செவப்பு வந்தப்ப சொல்ல வேண்டியதில்ல. நீ எடம் இல்லன்னு வந்து நின்னப்ப சொல்ல வாயில்ல." அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கட்டுன பொட்டலத்த வேற கை தொடக்கூடாதுடி. நான் பிரிச்சு, மாத்தி, திருப்பி வெச்சேன். அவரு குடுத்தாரு, ஆனா நான் கைவெச்சதுக்குப் பிடுங்கிட்டாரு. என்னால புள்ளைக்கு எடம் போச்சேன்னு இங்கதான் வந்து அழுதேன். இனிமே பூவே தொட்டு வெக்க மாட்டேன், அவள மட்டும் நல்லபடியா கரையேத்துன்னு சொல்லிட்டு வந்தேன்."

"தொப்பிக்காகன்னு சொன்ன."

"ஒங்கிட்ட வேற எப்படிச் சொல்றது?"

இதற்குமேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை. "எடம் இருந்துச்சும்மா" என்றேன். "ரெண்டு நாற்காலி காலியாத்தான் கெடந்துச்சு. நான் மேல போட்டுட்டு, அடிச்சிட்டு, மாத்திப் போட்டேன். அந்த வெள்ளைப் பூவப் பாத்துப் பயந்துட்டேன். ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. கூடாரத்தில் யாரோ எங்களைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அப்ப பதினாலு வருசம் நான் எதுக்குடி பூ வெக்கல?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு தட்டை என் கையில் கொடுத்தாள். அதில் இருந்த செவ்வரளியில் ஒன்றை எடுத்துக் கொண்டையில் செருகினாள். நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். முடி கொட்டிப் போயிருந்தது, பூ நிற்கவில்லை.

"பின்னு வெச்சிருக்கியாடி?" என்று கேட்டாள்.

என்னிடம் இல்லை.